இரண்டு உணரி இருந்தால் மட்டும் போதாது
புதுச்சேரி மாணவர்கள் விண்கலத்துக்காக வடிவமைத்த, ஒன்று பழுதானால் இன்னொன்று கைகொடுக்கும் மாற்று உணரி (சென்சார்) அமைப்பைப் பற்றி, "ஒரே உணரியை இரண்டாகப் பொருத்திவிட்டால் பழுதுக்கே இடமில்லை" என்று ஒரு நண்பர் எழுதியிருப்பது தவறான புரிதலைத் தருகிறது. 1996 ஜூன் 4 அன்று ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட்டில் திசையையும் அசைவையும் அளக்கும் அமைப்பு, மாற்றோடு சேர்த்து இரண்டு இருந்தன. இரண்டிலும் ஒரே மென்பொருள் இயங்கியதால், 64 பிட் இடத்தில் இருந்த எண்ணை, அது கொள்ளாத 16 பிட் இடத்துக்குள் அடக்க முயன்ற அதே பிழையில் மாற்று அமைப்பு முதலிலும், முதன்மை அமைப்பு அடுத்த 72 மில்லி நொடிச் சுற்றிலும் செயலிழந்தன. ஏறக்குறைய 40 நொடிகளில் ராக்கெட் சிதறியது. தவிர, இரண்டு உணரிகள் முரண்பட்டால் எது சரி என்று கணினியால் முடிவு செய்ய இயலாது.

இந்த மாணவர்கள் அதை உணர்ந்தே செய்திருக்கிறார்கள். புதுச்சேரி லாஸ்பேட்டையில் அவர்களுடைய மாதிரியை நேரில் பார்த்தேன். வெவ்வேறு வகையைச் சேர்ந்த மூன்று வெப்ப உணரிகள், ஒவ்வொன்றுக்கும் தனி மின்இணைப்பு. ஒரு மாணவி ஒன்றின் மீது மட்டும் வெந்நீர்க் குவளையை ஒட்டிப் பிடித்ததும் அதன் அளவு 58 டிகிரிக்கு ஏறியது. மற்ற இரண்டும் 31 என்றே காட்டியதால், நிரல் முதலாவதை ஒதுக்கிவிட்டது. அவர்களுடைய உழைப்பு இந்தப் பெரும்பான்மைக் கணக்கில்தான் இருக்கிறது. உணரியை இரட்டிப்பாக்கியதில் இல்லை.