அவள் செத்துத்தான் போவாள்

எங்கள் குடியிருப்பு கிறிஸ்துமஸ் விழாவில் பிள்ளைகளுக்கு நான் சொன்ன ‘தீக்குச்சி விற்கும் சிறுமி’ கதையை வைத்து வாட்ஸப் குரூப்பில் இரண்டு நாளாக ஓடும் பஞ்சாயத்து உங்களில் பலருக்குத் தெரியும். ஸ்கிரீன்ஷாட் எனக்கே நாலு பக்கமிருந்தும் வந்து சேர்ந்துவிட்டது. ‘பண்டிகை நாளும் அதுவுமா சாவுக் கதையா?’, ‘என் பொண்ணு நைட்டு தூங்கல’, ‘கடைசில ஒரு பணக்கார அம்மா வந்து கூட்டிட்டுப் போற மாதிரி சொல்லியிருக்கலாமே மேடம்’. அந்தக் கடைசி யோசனைக்குத்தான் வரிசையாகக் கட்டைவிரல்.

சொல்லியிருக்கலாம். ஆனால் தீக்குச்சி விற்கும் சிறுமி செத்துப்போவாள். டென்மார்க்கில் குழந்தைக் கதைகளுக்குப் பேர்போன ஆண்டர்சன் 1845இல் எழுதியபோதும் செத்தாள், நம் அசோசியேஷன் ஹாலில் ஜிகினாத் தோரணத்துக்குக் கீழே நான் சொன்னபோதும் செத்தாள். வருஷத்தின் கடைசி ராத்திரி, பனி கொட்டுகிறது, காலில் செருப்பில்லை. ஒரு பெட்டிகூட விற்கவில்லை, வீட்டுக்குப் போனால் அப்பா அடிப்பான். அதனால் இரண்டு வீட்டுச் சுவர் சேரும் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து குளிர்காய ஒவ்வொரு குச்சியாகக் கொளுத்துகிறாள். இந்தப் பணக்கார அம்மா அந்தத் தெருவில் நடமாடியிருந்தால் கதையே கிடையாதே! பணக்கார அம்மாக்கள் எல்லாரும் வீட்டுக்குள் வாத்து வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசனை தெரு வரைக்கும் வந்ததாக ஆண்டர்சனே எழுதியிருக்கிறார்.

அந்தச் செருப்பு போன விதம் தெரியுமா? அவளுடையதே இல்லை, அம்மாவின் பழைய செருப்பு, தொளதொளவென்று பெரிசு. வண்டிக்குப் பயந்து தெருவைத் தாண்டி ஓடும்போது கழன்றுவிடுகிறது. ஒன்று கிடைக்கவே இல்லை. இன்னொன்றை ஒரு பையன் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், ‘எனக்குப் பிள்ளை பொறந்தா தொட்டிலா வச்சுக்குவேன்’ என்று. நான் பார்த்த எந்தப் பள்ளி நாடகத்திலும் இந்தப் பையனைக் காணோம். முதல் வேலையாக அவனைத்தான் வெட்டி எறிகிறார்கள். எனக்கு அந்தக் கதையிலேயே நடுங்க வைக்கும் இடம் அதுதான், சாவு அல்ல.

‘வக்கிரம் பிடிச்ச எழுத்தாளர்’ என்று ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார். ஐயா, ஆண்டர்சனின் அப்பா செருப்புத் தைத்தவர், அம்மா ஊரார் துணி துவைத்தவர். அந்த அம்மாவைச் சிறுமியாக இருந்தபோது பிச்சையெடுக்க அனுப்பினார்கள். கையேந்த மனசில்லாமல் அவர்கள் ஊரான ஓடென்சேயில் ஒரு பாலத்தடியில் நாள் முழுக்க அழுதபடி உட்கார்ந்திருந்தாராம். ஆண்டர்சனே தன் சுயசரிதையில் சொல்வது இது. பெற்ற தாயின் கதையை எழுதினால் வக்கிரமா?

இங்கிலாந்து எழுத்தாளர் டிக்கன்ஸையும் கூப்பிட்டுக் கேளுங்களேன். அவருக்கு 12 வயதானபோது அப்பா கடனுக்காகச் சிறைக்குள், பையன் லண்டனில் ஷூ பாலிஷ் கம்பெனியில் டப்பாவுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான். 1843இல் குழந்தைத் தொழிலாளர் பற்றிய அரசு அறிக்கையைப் படித்துக் கொதித்துப்போய்த் துண்டறிக்கை போடலாம் என்று கிளம்பியவர், அதை விட்டுவிட்டு எழுதியதுதான் ‘கிறிஸ்துமஸ் கரோல்’ என்ற கதை. அதில் ஆவியின் அங்கிக்கு அடியிலிருந்து எலும்பும் தோலுமாக இரண்டு குழந்தைகள் வரும். ஒன்றின் பெயர் அறியாமை, இன்னொன்று இல்லாமை. இதையும் வெட்டிவிட்டுத்தான் கேக் வெட்டுகிறோம்.

‘இதெல்லாம் ஃபாரின் கதை, நம்ம பிள்ளைங்களுக்குப் பழக்கமில்ல’ என்றும் ஒரு பதிவு. சிரிப்பு வந்துவிட்டது. சிறுத்தொண்டர் கதை எந்த ஊர்க் கதை? சிவனடியாருக்காகப் பெற்றவர்களே மகன் சீராளனை அறுத்துக் கறி சமைத்ததை என் பாட்டி எனக்குச் சோறு ஊட்டிக்கொண்டேதான் சொன்னாள். சாண்டாவுக்கு மூலவரான புனித நிக்கோலஸைப் பற்றி பிரான்சில் குழந்தைகள் பாடும் பாட்டில், கசாப்புக்காரன் மூன்று பிள்ளைகளை வெட்டி உப்புத் தொட்டியில் போட்டுவிடுகிறான். ஏழு வருஷம் கழித்து நிக்கோலஸ் வந்து எழுப்புகிறார். சீராளனும் எழுந்து ஓடிவருகிறான். அந்த ஊரும் நம்ம ஊரும் அவ்வளவு ஒன்றும் தூரமில்லை.

ஒருவர் மட்டும் நியாயமாகக் கேட்டார். ஏழைப் பிள்ளையைச் சாகவிட்டு, உதட்டில் சிரிப்பை வைத்து, செத்துப்போன பாட்டியோடு சொர்க்கத்துக்கு அனுப்பினால் படிக்கிறவனுக்கு மனசு ஆறிவிடுகிறதே, அது சரியா என்று. சரியில்லைதான். எனக்கும் அந்தச் சிரிப்பு உறுத்தும். அதைத் தனியாகப் பேசுவோம். ஆனால் மனசு ஆறக் கூடாது என்பவர் அவளைப் பிழைக்க வைக்கச் சொல்ல மாட்டார் இல்லையா?

இனி கொஞ்சம் சொந்தக் கதை. நான் சாத்தூர்க்காரி. எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், தீப்பெட்டி ஆபீஸ். என் பெரியம்மா அந்த ‘ஆபீசு’க்குப் போக ஆரம்பித்தபோது அவளுக்குப் பல் விழுந்து முளைக்கிற வயசு. விடியுமுன்பே ஆபீஸ் பஸ் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். தூக்கத்தோடு தூக்கமாகப் பிள்ளைகளை ஏற்றிவிடுவார்கள். பகலெல்லாம் கட்டையில் குச்சி அடுக்கிவிட்டு, ராத்திரி வீட்டில் பெட்டி ஒட்டுவாள். எலியும் பூச்சியும் தின்னாமலிருக்கப் பசையில் மயில்துத்தம் என்கிற நீல விஷம் கலந்திருக்கும். அந்தக் கையோடுதான் சாப்பாடு. நகக்கண்ணில் நீலம் போகவே போகாது என்பாள். ‘ஏன் பெரியம்மா, உங்க அம்மா ஒண்ணும் சொல்லலையா?’ என்று ஒருமுறை கேட்டேன். ‘அவதாண்டி தூக்கி ஏத்துவா’ என்றாள். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996இல். அதற்குள் பெரியம்மா பாட்டியாகிவிட்டாள்.

பெரியம்மாவுக்கு எந்தப் பணக்கார அம்மாவும் வரவில்லை. ஒருத்தி வந்திருந்தால் நான் சந்தோஷமாக முடிவை மாற்றிச் சொல்லியிருப்பேன். அவள் ஒட்டிய பெட்டியை வாங்கிப் பூஜையறையில் விளக்கேற்றியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று தீக்குச்சிக் கதை கேட்டால் தூக்கம் வரவில்லையாம். நல்லதுதானே. ஒரு ராத்திரி தூங்காவிட்டால் என்ன இப்போது?

குழந்தைகள் அன்று என்ன செய்தார்கள் என்று யாருமே எழுதவில்லை, அதனால் நானே எழுதுகிறேன். ஒரு குட்டிப் பெண் அழுதாள், உண்மை. மூன்றாம் பிளாக் பையன் ஒருவன், ‘அவங்க அப்பாவ போலீஸ் புடிச்சுதா ஆன்ட்டி?’ என்றான். இன்னொருத்தி செருப்பை எடுத்த பையன் திருப்பிக் கொடுத்தானா என்று கேட்டாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. யாருக்கும் மனசு கெட்டதாகத் தெரியவில்லை. பின்வரிசையில் போனை நோண்டிக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் கெட்டிருக்கிறது.

‘இனி கதை சொல்பவர்கள் முன்கூட்டியே கமிட்டியிடம் காட்ட வேண்டும்’ என்று ஒரு தீர்மானம் வருகிறதாம். காசு வாங்காமல், தொண்டை கட்டக் கட்டக் கதை சொல்கிறவளுக்கு இந்த மரியாதை. சரி, இங்கேயே காட்டிவிடுகிறேன். வரும் சனிக்கிழமை மாலை மாடியில் அதே ஆண்டர்சனின் ஃபிர் மரம் கதை. கிறிஸ்துமஸுக்கு அலங்கரித்துக் கொண்டாடிய மரத்தை மறுநாளே பரணில் போட்டு, பிறகு வெட்டி அடுப்பில் எரிப்பார்கள். எரிந்துதான் போகும். வேண்டாமென்பவர்கள் பிள்ளையை அனுப்ப வேண்டாம், அனுப்பிவிட்டுக் குரூப்பில் வந்து அழவும் வேண்டாம்.