50-உம் 50-உம் 100 ஆகாது

தலா 50 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே வரும் கார்கள் மோதினால், 100 கி.மீ. வேகத்தில் சுவரில் இடித்ததற்குச் சமம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

ஒரே நிறையுள்ள கார்கள் என்றால் இரண்டின் உந்தமும் (நிறை × வேகம்) சமம், திசை எதிர், கூட்டினால் சுழி. ஒட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். ஒவ்வொன்றும் இழப்பது 50 கி.மீ. வேகம்தான். அசையாத சுவரில் 50-இல் இடித்தாலும் அதே இழப்பு. 100-இல் இடித்தால்? நசுக்கும் ஆற்றல் 4 மடங்கு. சார்பு வேகம், அதாவது ஒரு காரிலிருந்து பார்த்தால் மற்றது வரும் வேகம், 100 என்பது உண்மைதான். ஆனால் சேதத்தை இரண்டு கார்கள் பங்கிட்டுக்கொள்கின்றன.

அதே 50-இல் 1 டன் காரின் எதிரே வருவது 9 டன் லாரி என்றால் கதையே வேறு. மொத்த உந்தம் 450 − 50 = 400; 10 டன்னால் வகுத்தால் 40. ஒட்டிக்கொண்ட இரண்டும் லாரி வந்த திசையிலேயே 40 கி.மீ. வேகத்தில் நகரும். லாரியின் வேகம் 10 மட்டுமே மாறுகிறது, காருக்கோ 90. வாட்ஸ்அப் கணக்கு ஏறத்தாழப் பலிப்பது இங்கேதான், அதுவும் கார்க்காரருக்கு மட்டும்.