'நாம' இல்லண்ணா, 'நாங்க'

தீபாவளிக் கூடலில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு வாரமாக இருந்தேன். ஆனால் அங்கே இருந்த தம்பி ஒருவர் அதையே இணையத்தில் ஒரு பதிவாக்கி, "சட்டை வாங்கினால் பட்டம் கிடைத்துவிடுமா?" என்று கேட்க, அதற்குக் கீழே எனக்குத் தெரிந்தவர்களே வரிசையாக வந்து சிரித்துவிட்டுப் போன பிறகும் நான் பேசாமல் இருந்தால், அதை ஒப்புக்கொண்டதாகிவிடும். அங்கே இருந்தவர்களுக்கு விவரம் தெரியும். பதிவை மட்டும் பார்த்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்து அமெரிக்கக் கால்பந்து அணியின் சிவப்புச் சட்டையைப் போட்டிருந்த அந்த ஆள் நான்தான்.

சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றிருந்தோம். அந்த அணியின் முந்தின நாள் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "நேத்து நாம கடைசி நேரத்துல கோட்டை விட்டுட்டோம்" என்று சொன்னேன். எனக்கு முன்னால் நின்ற தம்பி நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்தவர். அவர் திரும்பி என் சட்டையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "'நாம' இல்லண்ணா, 'நாங்க'" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த ஒன்பது வயது மகள் மட்டும் சிரிக்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

இதில் என்ன இருக்கிறது, விளையாட்டுக்குச் சொன்னதுதானே என்று மூன்று பேர் தனிச்செய்தி அனுப்பினார்கள். இதை ஆங்கிலத்தில் சொல்லியிருக்க முடியாது. அங்கே இருப்பது ஒரே சொல். கேட்பவரைச் சேர்த்துக்கொள்ள ஒரு சொல்லும் அவரை வெளியே நிறுத்த இன்னொரு சொல்லும் வைத்திருப்பது நம் தமிழ். 2009 இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகருக்கு வந்த நாளிலிருந்து கடைக்காரர், பள்ளிப் பேருந்து ஓட்டுநர், பல் மருத்துவர், வாசலில் பனி வாரிப் போடும் பையன் என்று எத்தனையோ பேரோடு இந்த அணியைப் பற்றிப் பேசியிருக்கிறேன். நீ எங்கே படித்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டவர் நம் ஆள், கேட்டது நம் மொழியில். வலித்தது அதனால்தான்.

நான் அங்கே படிக்கவில்லை. அதை ஒருநாளும் மறைத்ததும் இல்லை. மதுரைக்கு அருகில் ஒரு கல்லூரியில் படித்தேன். வேலைக்காக இந்த ஊருக்கு வந்தேன். ஒரு பல்கலைக்கழகத்தில் படிப்பது ஒன்று, அதன் அணியைத் தன் அணியாகக் கொள்வது வேறொன்று. முதலாவதற்குச் சான்றிதழ் வேண்டும். இரண்டாவதற்கு இந்த மாநிலத்தில் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. கேட்டால் அரங்கம் காலியாகத்தான் கிடக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். லிங்கன் வளாகத்தில் படிப்பவர்கள் சுமார் 24,000 பேர். அணி ஆடும் மெமோரியல் ஸ்டேடியத்தில் உட்காருகிறவர்கள் 85,000க்கு மேல். மாணவர்கள் ஒருவர் விடாமல் வந்தாலும் மூன்றில் ஒரு பங்குகூட நிரம்பாது. பட்டம் வாங்கியவர்களில் எத்தனை பேர் அடுத்த மாதமே சிகாகோவுக்கும் டென்வருக்கும் டாலஸுக்கும் வண்டி ஏறிவிடுகிறார்கள் என்பது பதிவு போட்ட தம்பிக்கே தெரியும். ஆட்டம் நடக்கிற சனிக்கிழமை அந்த அரங்கம் ஓமஹாவுக்கும் லிங்கனுக்கும் அடுத்தபடியாக மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊராகிவிடுகிறது. கொரோனாவால் ரசிகர்களை உள்ளே விடாத 2020 பருவம் நீங்கலாக, 1962 நவம்பர் 3 முதல் இன்றுவரை அங்கே எல்லா ஆட்டங்களுக்கும் டிக்கெட் விற்றுத் தீர்ந்திருக்கிறது. 400 ஆட்டங்களைத் தாண்டிவிட்டோம். விற்காமல் நின்ற டிக்கெட்டுகளை நன்கொடையாளர்கள் வாங்கி வசதியில்லாத சிறுவர்களுக்குக் கொடுத்துக் கணக்கைக் காப்பாற்றிய நாட்களும் உண்டு என்று உடனே ஒருவர் வருவார். உண்மைதான். அந்தச் சிறுவர்கள் எந்த ஆண்டு பட்டம் வாங்கியவர்கள்? கல்லூரிக் கால்பந்தின் மிகச் சிறந்த ரசிகர்கள் இந்த வாயில்கள் வழியாகச் செல்கிறார்கள் என்றுதான் அரங்கத்தின் வாயிலுக்கு மேலே எழுதியிருக்கிறது. ரசிகர்கள் என்று இருக்கிறது. பட்டதாரிகள் என்று இல்லை.

எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். நிலத்தை விற்றுவிட்டு வயதான காலத்தில் நகரத்துக்கு வந்த விவசாயி. வந்த புதிதில் எனக்கு ஆட்டத்தின் தலைகால் புரியாது. நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் நகர வேண்டும் என்பதைத் தன் வீட்டு முற்றத்தில் உலர்ந்த மக்காச்சோள மணிகளை வரிசையாக வைத்து நகர்த்திக் காட்டி எனக்கு விளங்கவைத்தார். அவருடைய கார் கொட்டகைச் சுவரில் ஓர் இரும்புக் கொக்கி தொங்கியது. உள்ளங்கையில் தோல் பட்டையால் கட்டிக்கொள்வது. பட்டை கறுத்து விறைத்துப்போயிருந்தது. இயந்திரம் வருவதற்கு முன்னால் அவருடைய அப்பா அதைக் கட்டிக்கொண்டுதான் வயலில் நின்று கதிர்களின் தோலைக் கிழித்து உரித்து வண்டியில் வீசுவாராம். என் கையில் ஒருமுறை கட்டிவிட்டார், மணிக்கட்டு இறுகியது.

கார்ன்ஹஸ்கர் என்றால் அந்த அப்பாதான். மக்காச்சோளக் கதிரின் தோலை உரிக்கிறவர். அணியின் பெயரே ஒரு கூலி வேலையின் பெயர். அந்த வேலையைச் செய்தவரின் மகன், அப்பா படுத்த படுக்கையானதால் பதினெட்டு வயதில் நிலத்துக்குத் திரும்பியவர், பல்கலைக்கழக வகுப்பறைக்குள் ஒருநாளும் கால் வைக்காதவர். அறுவடை இயந்திரத்தில் உட்கார்ந்து வானொலியில் 1970, 1971 இரண்டு சாம்பியன் பட்டங்களுக்கான பருவங்களையும் கேட்டவர். அவர் கடைசிவரை "நாம்" என்றுதான் சொன்னார். அந்த வரிசையில் எனக்குப் பதில் அவர் நின்றிருந்தால் அவரையும் திருத்தியிருப்பீர்களா, தம்பி? அவரைத் திருத்த உங்களுக்கு வாய் வந்திருக்காது என்றே நம்புகிறேன். பிறகு என்னை மட்டும் ஏன்?

2013 நவம்பர் 2 அன்று அவருடைய மனைவிக்கு உடம்பு சரியில்லாததால் அந்த டிக்கெட்டில் என்னை அழைத்துப் போனார். நார்த்வெஸ்டர்ன் அணி 24-21 என்று முன்னால் இருந்தது. நேரம் முடிந்துகொண்டிருந்தது; பலர் எழுந்து படியிறங்கத் தொடங்கிவிட்டார்கள். பெரியவர் காதில் வைத்திருந்த சிறிய வானொலியை எடுக்காமல், இன்னொரு கையால் என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். கடைசிப் பந்தை ரான் கெல்லாக் 49 கஜத்துக்கு வீசினார். எதிரணிக்காரர்கள் கையில் பட்டுத் தெறித்த பந்து, அவர்களுக்குப் பின்னால் நின்ற ஜோர்டன் வெஸ்டர்காம்பின் கைகளில் வந்து விழுந்தது. 27-24. அந்தப் பந்தை வீசிய கெல்லாக் உதவித்தொகை கொடுத்து அழைக்கப்பட்டவர் அல்லர். ஓமஹாவிலிருந்து தானாக வந்து அணியில் சேர்ந்தவர். தானாக வருகிறவர்களை வரவேற்பதை ஒரு மரபாகவே வைத்திருக்கும் அணி இது. அன்றைக்கு முன்வரிசைக்காரர் என்னைக் கட்டிப்பிடித்தார், பின்வரிசை அம்மா அழுதார். எவரும் என் படிப்பை விசாரிக்கவில்லை.

வெற்றியில் ஒட்டிக்கொள்கிறவர்கள் என்று பதிவின் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். எந்த வெற்றி? 2017 முதல் 2023 வரை ஏழு பருவங்கள் தொடர்ந்து தோல்விக் கணக்கோடு முடிந்தன. 2021 இல் ஒன்பது தோல்விகள்; ஒன்பதும் ஒற்றை இலக்கப் புள்ளி வித்தியாசத்தில். 2020 தவிர, அந்த ஆண்டுகளிலெல்லாம் நவம்பர் குளிரில், விரல் மரத்துப்போக, நான் போய் உட்கார்ந்திருக்கிறேன். அப்போது ஒருவரும் வந்து, "'நாம் தோற்றோம்' என்று சொல்லாதே, அது எங்கள் தோல்வி" என்று என்னிடமிருந்து அதைப் பறித்துக்கொள்ளவில்லை.

கட்டணம் கட்டி, கண் விழித்துப் படித்து வாங்கிய பட்டம், அதற்கு ஒரு மதிப்பு வேண்டாமா என்று இன்னொருவர். வேண்டும். அந்தப் பட்டத்தை நான் தொடவே இல்லை. என் வேலை விண்ணப்பத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதினேனா? அது 1869 இல் மக்கள் பணத்தில் தொடங்கப்பட்ட மாநிலப் பல்கலைக்கழகம். பதினாறு ஆண்டாக நானும் இந்த மாநிலத்துக்கு வரி கட்டுகிறேன். ஆடுகிற பையன்களே இன்றைக்கு ஓராண்டு இங்கே, அடுத்த ஆண்டு வேறொரு பல்கலைக்கழகத்தில் என்று மாறிக்கொள்கிறார்கள். 2021 முதல் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கவும் செய்கிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் உழைப்பு. ஆனால் ஜனவரியில் வந்து டிசம்பரில் போகிற பையன் "நாங்கள்" என்று சொல்லலாம், பதினாறு ஆண்டாக ஒரே ஊரில் இருக்கிற நான் "நாம்" என்று சொல்லக்கூடாது என்பது எந்த ஊர் நியாயம்?

அங்கே படிக்காத ரசிகர்கள்தாம் பத்தொன்பது வயதுப் பையன்களை இணையத்தில் வசைபாடுகிறார்கள் என்பதும் ஒரு குற்றச்சாட்டு. வசைபாடுவது தவறு. பட்டதாரிகளும் செய்கிறார்கள். அவ்வளவுதான் அதற்கு.

இது நெப்ராஸ்காவில் மட்டும் உள்ள வழக்கமும் அன்று. 1920களில் நோட்ர டேம் அணி நியூயார்க்குக்கு வந்து ராணுவக் கல்லூரி அணியோடு ஆடியபோது, அரங்கை நிரப்பியவர்கள் அந்த நகரத்தின் அயர்லாந்து, இத்தாலி, போலந்துக் கத்தோலிக்கத் தொழிலாளிகள். இந்தியானாவில் இருக்கும் அந்தக் கல்லூரியை அவர்களில் பெரும்பாலோர் கண்ணால் பார்த்ததே இல்லை. சுரங்க ரயிலேறி வந்த அவர்களுக்குச் சுரங்க ரயில் பழைய மாணவர்கள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அலபாமாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1963 ஜூன் 11 அன்று கறுப்பின மாணவர்கள் இருவரை உள்ளே விடமாட்டேன் என்று மாநில ஆளுநரே பல்கலைக்கழக வாசலில் வந்து நின்றார். உதவித்தொகையோடு முதல் கறுப்பின வீரரை அவர்களுடைய கால்பந்து அணி சேர்த்துக்கொண்டது 1970 இல். அந்த ஊர்க் கறுப்பினக் குடும்பத்து முதியவர் ஒருவர் இன்றைக்கு அந்த அணியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், "நீங்கள் எந்த ஆண்டு படித்தீர்கள்?" என்று யார் போய்க் கேட்பது? யார் படித்தார்கள், யார் படிக்கவில்லை என்பதை ஆசை மட்டுமா தீர்மானித்தது? நிலம் தீர்மானித்தது, நிறம் தீர்மானித்தது, அப்பாவின் நோய் தீர்மானித்தது. நம் ஊரில் இதை நாம் பார்த்ததே இல்லையா? என் அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் என்னைவிட நல்ல மதிப்பெண் வாங்கினாள். வீட்டில் ஒருவர் கல்லூரிக் கட்டணத்துக்குத்தான் பணம் இருந்தது. நான் படித்த கல்லூரியின் பெயரைச் சொல்லும்போது இன்றும் என் அக்கா "நம்ம காலேஜ்" என்பாள். ஒருநாளும் நான் அவளைத் திருத்தியதில்லை.

2013 ஏப்ரல் 6 அன்று நடந்ததை இந்த ஊரில் எல்லோரும் அறிவார்கள். மூளைப் புற்றுநோயோடு போராடிய ஏழு வயது ஜாக் ஹாஃப்மேன், தன் அளவுக்குச் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு பயிற்சி ஆட்டத்தில் பந்தோடு 69 கஜம் ஓடினான். அணி முழுவதும் மைதானத்துக்குள் ஓடி வந்து அவனைத் தூக்கிக்கொண்டது. பத்தொன்பது வயதில், 2025 ஜனவரியில் அவன் இறந்த செய்தி வந்த அன்று என் அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. அவனை அணி தூக்கிக்கொண்டபோது அவன் மூன்றாம் வகுப்புக்குக்கூட வந்திருக்கவில்லை. அவனிடம் யார் என்ன சான்றிதழ் கேட்டார்கள்?

பெரியவர் 2019 இல் காலமானார். சிவப்புக் கம்பளிச் சட்டையோடுதான் அவரைக் கிடத்தியிருந்தார்கள். அந்தக் கொக்கியை அவர் மனைவி எனக்குக் கொடுத்தார். என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. நாடு மாறி வந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். விசா நேர்காணலில், விமான நிலையத்தில், வேலையில், எங்கே போனாலும் நீ இங்கே இருக்கத் தகுதி உள்ளவனா என்பதற்கு ஒரு காகிதத்தை எடுத்துக் காட்ட வேண்டும். காகிதம் காட்டாமல் எனக்குக் கிடைத்த ஒரே இடம் அந்த அரங்கத்தின் இருக்கை. அதையும் ஒரு சோற்று வரிசையில் வைத்து எடுத்துவிட்டீர்கள்.

என் மகள் இந்த ஊரில் பிறந்தவள். 2023 ஆகஸ்ட் 30 அன்று அதே அரங்கத்தில் பெண்கள் கைப்பந்து ஆட்டத்துக்கு 92,003 பேர் கூடினார்களே, பெண்கள் விளையாட்டுக்கு உலகத்திலேயே அத்தனை பேர் கூடியதில்லை என்றார்களே, அன்று ஏழு வயதில் என் தோளில் உட்கார்ந்து தொண்டை கட்டும்வரை கத்தினாள். வீட்டுக்கு வந்து பாட்டிக்குத் தொலைபேசியில், "நாம ஜெயிச்சுட்டோம் பாட்டி" என்றாள். மதுரையில் இருக்கும் என் அம்மாவும், "ஆமாண்டா தங்கம், நாம ஜெயிச்சுட்டோம்" என்றார்.

கூடலுக்கு அடுத்த சனிக்கிழமை காலையில் அவள் என்னிடம் வந்து கேட்டது, "அப்பா, இன்னைக்கு அவங்க ஜெயிப்பாங்களா?" என்று. அவங்க. இரண்டு வாரம் கழித்து நான் இதை எழுதுவது அந்த ஒரு சொல்லுக்காக.

பதிவை நீக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்க வேண்டாம். பொங்கலுக்கு மறுபடியும் கூடுவோம். என் மகள் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டுதான் வருவாள். அவள் "நாம" என்று சொன்னால் யாரும் திருத்த வேண்டாம்.