விசாரணைக்கு முன்பே தீர்ப்பா?

செய்திகளில் குழந்தையின்மை எப்படிக் காட்டப்படுகிறது என்பது பற்றிய கட்டுரை நன்று. ஆனால் மருத்துவச் செய்திகளோடு நின்றுவிட்டீர்கள். எனக்குப் பயம் மாவட்டப் பக்கத்துச் சின்னச் செய்திகள்தான்.

'குழந்தை இல்லாத ஏக்கத்தில் இளம்பெண் தற்கொலை' என்று தலைப்பு. கடைசி வரியில், 'திருமணமாகி 7 ஆண்டுகளுக்குள் என்பதால் ஆர்.டி.ஓ. விசாரணை'. வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) நடத்தும் அந்த விசாரணையே புகுந்த வீட்டில் கொடுமை நடந்ததா என்று பார்க்கத்தானே? அது தொடங்கும் முன்பே தலைப்பு காரணத்தை எழுதி முடித்துவிடுகிறது. அவள் காதில் விழுந்த பேச்சுகள் என்ன, கணவருக்குப் பரிசோதனை நடந்ததா... ஒரு வரி இருக்காது.

எங்களுக்கு ஐந்து வருஷம் குழந்தையில்லை. அப்படி ஒரு செய்தி வந்த நாளில் என் மாமியார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு என்னை வீட்டில் தனியாக விடவில்லை. பாசம்தான், தெரியும். ஆனாலும் குறை என்னிடம்தான் என்பதில் அவருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. என் கணவர் விந்தணுப் பரிசோதனைக்குப் போனது ஐந்தாவது வருஷம். எண்ணிக்கை குறைவு என்று வந்தது.

உலகில் ஆறில் ஒருவர் வாழ்நாளில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் உடல்நிலைக்கும் பங்குண்டு. இருந்தும் செய்தியோடு போடும் படம் தலைகுனிந்த ஒரு பெண்தான். ஆசிரியர்களே, 'ஏக்கத்தில்' என்ற அந்த ஒரு சொல்லையாவது விசாரணை முடியும்வரை எடுத்துவிடுங்கள்.