மாப்பிள்ளை சம்பாவை மீட்டாச்சு, இளவட்டக்கல்லை யார் தூக்குவது?

எங்கள் டெல்டா பக்கம் ஒருவருக்குச் சுகர் வந்துவிட்டது என்றால் முதல் பழி அரிசிக்குத்தான். டாக்டர் சீட்டு எழுதுவதற்குள் பக்கத்து வீட்டில் சொல்லிவிடுவார்கள், "சோத்தை நிறுத்துங்க" என்று. அப்புறம் ராத்திரிக்குச் சப்பாத்தி, காலையில் வெந்தயத் தண்ணீர், கொஞ்சம் வசதி இருந்தால் கருப்புக் கவுனியும் மாப்பிள்ளை சம்பாவும். பாரம்பரிய நெல்லை மீட்டவர்கள் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு, திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் விதை வாங்க நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் சந்தோஷமாகவே இருக்கும். ஆனால் பெண் கொடுப்பதற்கு முன் பலம் பார்க்க வைத்திருந்த இளவட்டக்கல்லைத் தூக்க வேண்டிய மாப்பிள்ளைக்குத் தெம்பு கொடுத்த அரிசி என்று கதை சொல்லி விற்கிறார்களே, வாங்குகிற யாராவது அந்தக் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கிறார்களா? அரிசியை மட்டும் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு கல்லை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

தட்டில் இருப்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், அது போய்ச் சேரும் இடத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. நம் உடம்பு முழுக்க ஓடுகிற ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை மொத்தமே சுமார் 5 கிராம், ஒரு டீஸ்பூன். நூறு கிராம் அரிசியை வடித்துச் சாப்பிட்டால் அதில் எழுபது எண்பது கிராம் மாவுச்சத்து. அவ்வளவும் ரத்தத்திலேயே நின்றால் என்ன ஆவது? நிற்காது, வெளியே போக வேண்டும். கல்லீரல் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், ஆனால் அதன் இருப்பு மொத்தமே நூறு கிராம் சுற்றித்தான். தசைகளில் சுமார் 400 கிராம் வரை கிளைகோஜனாக, அதாவது சேமித்து வைத்த சர்க்கரையாகச் சேரும். இன்சுலின் உந்துதலில் ரத்தத்தை விட்டு வெளியேறும் குளுக்கோஸில் பெரும்பங்கு போவது எலும்புத் தசைகளுக்குத்தான், சோதனைகளில் எண்பது சதவீதம் வரை கணக்குச் சொல்கிறார்கள். ஆக, சோற்றைப் பற்றிப் பேசினால் தொடையையும் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும்.

தசை செல்லுக்குள் குளுக்கோஸ் தானாக நுழைந்துவிடாது. அதை உள்ளே விட குளூட்-4 என்று ஒரு புரதம் இருக்கிறது. சாதாரண நேரத்தில் அது செல்லுக்குள்ளேயே சின்னச் சின்னப் பைகளில் ஒதுங்கிக் கிடக்கும். இன்சுலின் வந்து வெளிச்சுவரில் தட்டினால் பைகள் மேலே வந்து சுவரோடு ஒட்டும், வழி திறக்கும். நம் ஊர் பாஷையில் சொன்னால் இன்சுலின்தான் லஸ்கர், அதாவது வாய்க்கால் மதகைத் திறந்து மூடுகிற ஆள், அவர் வந்து ஷட்டரைத் தூக்கினால்தான் மதகில் தண்ணீர் பாயும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் லஸ்கர் வந்து கத்துகிறார், ஷட்டர் துருப்பிடித்து நகர மாட்டேன் என்கிறது. இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வருகிறது. தசை சுருங்கும்போது அதே ஷட்டர் லஸ்கர் இல்லாமலே தூக்கிக்கொள்கிறது. சுருங்குவதற்காக செல்லுக்குள் வெளியாகும் கால்சியம், எரிபொருள் குறைந்துவிட்டது என்று கண்டுபிடிக்கும் ஏஎம்பிகே என்ற நொதி, நார் இழுபடுகிற விசை, இவை எல்லாம் சேர்ந்து இன்சுலின் போகும் பாதையை விட்டு வேறு பாதையில் குளூட்-4ஐ மேலே கொண்டு வருகின்றன. சர்க்கரை நோயாளிகளிடமும் இந்த இரண்டாவது பாதை பெரும்பாலும் கெடாமல் இருக்கிறது. வேலை முடிந்த பிறகும் அந்தத் தசை ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரை இன்சுலின் பேச்சை வழக்கத்தைவிட நன்றாகக் கேட்கும். அதற்கப்புறம் பழையபடிதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேர்க்க வேர்க்க நடந்துவிட்டு மற்ற நாள் சும்மா இருப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

இதன் அடிப்படை புதிதும் இல்லை. 1887லேயே பிரான்சில் சோவோ, கௌஃப்மான் என்ற இருவர், குதிரை தீவனம் மெல்லும்போது அதன் முகத்தசைக்குள் போகும் ரத்தத்தையும் வெளியே வரும் ரத்தத்தையும் எடுத்து அளந்து, மெல்லும்போது தசை அதிகக் குளுக்கோஸை இழுக்கிறது என்று காட்டிவிட்டார்கள். இன்சுலினைக் கண்டுபிடித்ததே 1921ல்.

சரி, இதற்கும் டெல்டாவுக்கும் என்ன? நடவு நட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இடது கையில் நாற்று முடி, வலது கை மூன்று நான்கு நாற்றைப் பிரித்துக் கட்டைவிரலால் சேற்றில் ஊன்றும், குனிந்த முதுகு நிமிராது, பின்னாலேயே நகர வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் கணுக்கால் தாண்டிப் புதைந்த காலைச் சேற்றிலிருந்து பிடுங்க வேண்டும். கெண்டைக்கால், தொடை, இடுப்பு எல்லாம் காலையிலிருந்து சாயங்காலம் வரை சுருங்கிச் சுருங்கி விரியும். அந்த உடம்பு சட்டி நிறையப் பழைய சோறு கேட்டதில் ஆச்சரியமே இல்லை. இன்று நடவு மெஷின் வந்துவிட்டது, அறுப்புக்கு மெஷின் வந்து பல வருஷமாகிறது, பல ஊர்களில் மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வந்து நட்டுவிட்டுப் போகிறார்கள். டீக்கடைக்குக்கூட எக்ஸ்எல்லில்தான் போகிறோம். சோற்றின் அளவு மட்டும் பழைய கணக்கிலேயே நிற்கிறது.

உடனே "அந்தக் காலத்துல உழைச்சாங்க, நோயில்லாம இருந்தாங்க" என்று கமெண்ட் போட வராதீர்கள். அந்த உழைப்பை யார் உழைத்தார்கள் என்றும் சொல்லுங்கள். பண்ணையாட்கள் உழைத்தார்கள், அந்தப் பெண்கள் அரை வயிற்றுக்கும் இடுப்பு வலிக்கும் நடுவே உழைத்தார்கள். திண்ணையில் சாய்ந்திருந்த மிராசுதாருக்குத்தான் அப்போது சுகர் வந்தது, அதனால்தான் அது பணக்கார வியாதி. இப்போது திண்ணை எல்லோருக்கும் கிடைத்திருக்கிறது, கிடைக்கட்டும், அதில் எனக்கு வருத்தமே இல்லை. மெஷின் வந்ததும் நல்லதுதான். கூலிக்காக முதுகு உடைய வேண்டியதில்லை, ஆனால் தசைக்கு வேலை தேவைப்படுவது மாறவில்லை, அதை வேறு வழியில் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

வேலை கொடுப்பது என்றால் எந்தத் தசைக்கு? 1966ல் ஸ்டாக்ஹோமில் பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்ற இரண்டு பேர் தங்கள் உடம்பிலேயே ஒரு சோதனை செய்தார்கள். ஒரே உடற்பயிற்சி சைக்கிளில் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து ஆளுக்கு ஒற்றைக் காலால் மிதித்தார்கள், மற்றக் காலுக்கு ஓய்வு. அப்புறம் மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு. ஊசி போட்டுத் தசைத் துணுக்கை எடுத்துப் பார்த்தால் மிதித்த காலில் கிளைகோஜன் மற்றக் காலைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஒரே ஆள், ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு. உழைத்த தசைதான் இழுத்துச் சேர்த்தது. கையை மட்டும் ஆட்டிவிட்டு எக்சர்சைஸ் முடிந்தது என்பவர்களிடம் இதைச் சொல்லலாம். பெரிய தசைகள் தொடையிலும் பின்புறத்திலும் இருக்கின்றன, அவற்றை அசைக்காமல் பெரிய லாபம் இல்லை.

அதனால் "வாக்கிங் போங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிற டாக்டர்கள் மேல் எனக்குக் குறை உண்டு. நடை நல்லது, மறுக்கவில்லை. சாப்பிட்ட கையோடு பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தாலே சுகர் எகிறுவது குறையும். ஆனால் அறுபது தாண்டியவருக்குத் தசையே கரைந்துகொண்டிருக்கும்போது நடை மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நம் ஊர்ப் பெண்களிடம் இதை யார் சொல்கிறார்கள்?

மன்னார்குடி பக்கம் இருக்கும் என் அத்தை பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தால் இரண்டு கையையும் ஊன்றி, "முருகா" சொல்லி, அப்புறம்தான் எழுவார். சுவரோரம் நாற்காலியைப் போட்டு, "கையை மார்போட கட்டிக்கிட்டு எழுந்திருங்க அத்தை" என்றேன். "ஏண்டா, இந்த வயசுல என்னைக் கபடிக்கா அனுப்பப் போற?" என்றார். முதலில் இடுப்புக்குக் கீழே ஒரு தலையணை வைத்து உயரத்தைக் கூட்டிக்கொண்டோம். எழுவதைவிட உட்காருவதில்தான் சூட்சுமம், பொத்தென்று விழாமல் மெதுவாக இறங்க வேண்டும், அப்போதுதான் முழங்காலுக்கு மேலே தசை நடுங்குவது பாவாடை மடிப்பிலேயே தெரியும். இப்போது தலையணை இல்லை, முருகனும் கொஞ்சம் ஓய்வாக இருக்கிறார்.

மறுநாள் கால் பிடித்துக்கொண்டது, உண்மைதான். ஜிம் தம்பிகள் இதற்கு "லாக்டிக் ஆசிட் தேங்கிருச்சு ப்ரோ" என்பார்கள். தேங்காது. அது ஒரு மணி நேரம் போல ஆனாலே ரத்தத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும், இதயம்கூட அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். மறுநாள் வலிக்கு முக்கியக் காரணம், பழக்கமில்லாத தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும்போது நார்களில் விழும் நுண்ணிய சேதம். திருச்சி மலைக்கோட்டை ஏறும்போது மூச்சு வாங்கும், மறுநாள் தொடை வலிப்பது இறங்கியதால்தான். இரண்டு மூன்று நாளில் போய்விடும், அடுத்த தடவை அவ்வளவு வலிக்காது.

"உடம்பு முடியல, ரெஸ்ட் எடு" என்பதும் நம்மிடம் கொஞ்சம் அதிகம். 1966ல் அமெரிக்காவின் டல்லஸில் ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி சோதித்தால், முப்பது வருஷ முதுமை குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அவர்களின் உழைப்புத் திறனை அதிகமாகக் குறைத்திருந்தது. திரும்ப எழுந்து பயிற்சி செய்தால் மீளும் என்பதும் அதே ஆய்வில் உண்டு.

நம் ஆட்களுக்கு இதெல்லாம் பலிக்குமா என்று கேட்பவர்களுக்கு: சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று வருஷம் தொடர்ந்து பார்த்து 2006ல் வெளியிட்டது. ஒன்றும் செய்யாமல் விட்ட குழுவில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றிய குழுவில் அந்த ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்த குழுவில் 26.4. மாத்திரைக்கு இளைத்ததல்ல கால்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை சாப்பிடுபவர்களும் திடீரென்று பயிற்சியைக் கூட்டினால் சுகர் ரொம்பக் கீழே போய்விடலாம், கை நடுக்கமும் வேர்வையும் வரும். டாக்டரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள், சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வரப்பில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். எந்த மாத்திரையைக் குறைக்கலாம் என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள், நான் டாக்டர் இல்லை.