எவ்வளவு என்று கேட்டது தப்பா?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதி முடித்துவிட்டீர்கள். அந்த நாற்பது விநாடி வீடியோவைக் குழுவில் போட்ட புண்ணியவானுக்கு நன்றி. நான் எழுந்து நிற்பதும், மேடையில் காந்த மெத்தை விற்க வந்தவர் சிரிப்பதும், அப்புறம் அரங்கமே சிரிப்பதும் நன்றாகவே பதிவாகியிருக்கின்றன. நான் கேட்ட கேள்வி மட்டும் வெட்டுப்பட்டுவிட்டது. கேட்டது ஒரே வார்த்தை: "எவ்வளவு?"

காந்த மெத்தை ரத்த ஓட்டத்தைச் சீராக்கும் என்றார். சரி, அந்தக் காந்தப் புலம் எவ்வளவு? மெத்தையின் மேல் எத்தனை டெஸ்லா (காந்தப் புலத்தை அளக்கும் அலகு), படுப்பவரின் முழங்காலுக்குள் எத்தனை? 85,000 ரூபாய்க்கு விற்கிற பொருளைப் பற்றி ஓர் எண்ணைச் சொல்ல முடியாதா? "தம்பி, நீங்கள் மெஷின் ஓட்டுகிறவர். நான் அறிவியல் பேசுகிறேன்" என்றார். கைதட்டினீர்கள்.

ஆமாம், மெஷின் ஓட்டுகிறவன்தான். பதினாறு வருடமாக எம்ஆர்ஐ ஓட்டுகிறேன். அந்த ஸ்கேன் மெஷினுக்குள் இருக்கும் காந்தம் 1.5 டெஸ்லா. ராத்திரி எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் அது அணையாது. உள்ளே வருகிறவர்களிடம் மெட்டி, அரைஞாணில் கட்டிய தாயத்து, தாலிக்கொடியில் கோத்து வைத்திருக்கும் ஊக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு வாங்கி வைப்பதே என் பாதி வேலை. ஒருமுறை ஓர் அம்மாள் மறந்துவிட்டார். மேசைக்கு அருகில் வந்ததும் ஊக்கு கொடியிலிருந்து நட்டமாக எழுந்து நின்று உள்பக்கம் இழுத்தது. தங்கக்கொடி சும்மா கிடந்தது. அவர் உடம்பிலிருந்த ரத்தமும் சும்மாதான் இருந்தது.

"ரத்தத்தில் இரும்பு இருக்கிறதே" என்று எட்டுப் பேராவது எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது. ஆனால் அது ஆணி இரும்பு அல்ல, ஹீமோகுளோபின் மூலக்கூறுக்குள் அடைபட்ட அணு. ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினைக் காந்தம் இழுப்பதில்லை, மிக மெல்லத் தள்ளுகிறது. ஆக்சிஜன் இறங்கியதுதான் மிக லேசாக இழுபடும். வேதியியலாளர்கள் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் 1936இலேயே அளந்து சொன்னது இது. எங்கள் தொழிலில் மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று படம் பிடிப்பதே இந்த நுண்ணிய வித்தியாசத்தை வைத்துத்தான். அதைப் பிடிக்கவே 1.5 டெஸ்லாவும் 3 டெஸ்லாவும் தேவைப்படுகின்றன. மெத்தையில் எவ்வளவு? தெரியாது. அவர் சொல்லவில்லை.

அடுத்து வடக்கு. வடக்கே தலை வைத்துப் படுத்தால் பூமியின் காந்தம் ரத்தத்தை மூளைக்கு இழுத்துவிடுமாம். தென் தமிழ்நாட்டில் பூமியின் காந்தப் புலம் ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லா, அதாவது ஒரு டெஸ்லாவைப் பத்து லட்சமாகப் பிரித்தால் 40 பங்கு. புலம் தரைக்குச் சரிமட்டமாக இருக்கும் காந்த நடுக்கோடு நம் பக்கத்திலேயே போவதால் இங்கே அந்தப் புலம் கிட்டத்தட்டத் தரைமட்டமாக, தெற்கிலிருந்து வடக்காக ஓடுகிறது. அதாவது வடக்கே தலை வைத்தால் உடம்பின் நீளவாக்கில் ஓடும். எங்கள் மெஷினிலும் புலம் அப்படித்தான், தலைக்கும் காலுக்கும் நீளவாக்கில், ஆனால் 37,000 மடங்குக்கு மேல். அரை மணி நேரம் படுத்திருந்துவிட்டு எழுந்து, "காபி குடிக்கலாமா சார்?" என்று கேட்டுப் போகிறார்கள். தலை வடதுருவம், பூமியின் வடக்கும் வடதுருவம், ஒத்த துருவங்கள் விலக்கும் என்றும் அவரே சொன்னார். பூமியின் வடக்கே இருப்பது காந்தக் கணக்கில் தென்துருவம். அதனால்தான் திசைகாட்டி முள்ளின் வடமுனை அந்தப் பக்கம் திரும்புகிறது. அவர் கணக்குப்படியே பார்த்தாலும் இழுக்க வேண்டுமே தவிர விலக்கக் கூடாது. ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டையும் சொன்னார். அதற்கும் கைதட்டல்.

"அப்படியானால் முன்னோர்கள் முட்டாள்களா?" இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். "உத்தமம் கிழக்கு, ஓங்குயிர் தெற்கு, மத்திமம் மேற்கு, மரணம் வடக்கு" என்று என் பாட்டியும்தான் சொன்னாள். காரணம் கேட்டதற்கு, வடக்கே தலை வைத்துப் படுத்திருந்த யானையின் தலைதான் பிள்ளையாருக்குப் போனது என்றாள். கதை அழகாக இருந்தது, இன்றுவரை நானும் வடக்கே தலை வைப்பதில்லை. ஆனால் பாட்டி அதை வைத்து மெத்தை விற்கவில்லை.

காந்தப் புலத்தால் உடம்புக்கு எதுவுமே ஆகாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. 7 டெஸ்லா மெஷினுக்குள் போகிறவர்களுக்குத் தலை சுற்றுகிறது. காதுக்குள் இருக்கும் திரவத்தில் ஏற்படும் விசைதான் காரணம் என்று 2011இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் காட்டினார்கள். ஐரோப்பிய ராபின் பறவை பூமியின் மெல்லிய புலத்தை வைத்தே வழி கண்டுபிடிக்கிறது. 2019இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் ஜோசப் கிர்ஷ்விங்கின் குழு, பூமியின் புலம் அளவுக்கே ஒரு புலத்தைச் சுழற்றியபோது சிலரின் ஆல்ஃபா மூளை அலை (விழித்து ஓய்வாக இருக்கும்போது எழுவது) தணிந்ததாகச் சொன்னது. அதைப் படித்துவிட்டு நானே இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் அவர்கள் எவ்வளவு புலம், எந்தத் திசை, எத்தனை நொடி என்று எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய்ப் பிரிவு 2002இல் மின்கம்பிகளின் புலத்தை 2பி (புற்றுநோய் உண்டாக்கக்கூடும்) என்று வகைப்படுத்தியதை ஒருவர் ஒட்டியிருந்தார். அது மாறுமின்னோட்டத்தின் கதை, மாறாத காந்தம் வைத்ததாகச் சொல்லும் மெத்தைக்குத் தொடர்பில்லை, விடுங்கள்.

பம்பாயில் டிராம்களை மின்சாரத்தில் ஓட்டப்போகிறார்கள் என்றதும் பூமியின் காந்தப் புலத்தை அளந்துவந்த கொலாபா ஆய்வகத்துக்காரர்கள், டிராம் மின்சாரத்தால் அளவுகள் கெட்டுவிடும் என்று கடல் தாண்டி அலிபாகுக்குப் போய் 1904இல் புதிய ஆய்வகமே நடத்தத் தொடங்கினார்கள். "எவ்வளவு" என்பதற்காக ஊரையே மாற்றினார்கள். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன், அவ்வளவுதான்.

"பெரியவர்களுக்கு ஒரு நம்பிக்கை, உங்களுக்கு என்ன நஷ்டம்?" நஷ்டம் எனக்குத்தான் சார். அந்த மெத்தையை வாங்கியவர்களில் என் அம்மாவும் ஒருவர். இதை வீடியோவில் யாரும் போடவில்லை. மூன்று வருடமாக மூட்டுவலி. என்ன பண்ணுகிறது என்று நான் நின்று கேட்டதெல்லாம் செருப்பு மாட்டிக்கொண்டேதான். அந்த மெத்தைக்காரன் வீட்டுக்கு வந்து, தரையில் உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் கேட்டிருக்கிறான். எந்தப் படியில் ஏறினால் வலிக்கிறது, மழைக்காலத்தில் எப்படி என்றெல்லாம். அம்மா நகைச் சீட்டை முடித்துப் பணம் கொடுத்திருக்கிறார். "நீ கேட்டாயா?" என்றார் என்னிடம். அதற்கு என்னிடம் எண் இல்லை.

புதன்கிழமை அம்மா கோவிலுக்குப் போயிருந்தபோது அவருடைய ஊக்கு ஒன்றை எடுத்து மெத்தையின் மேல் வைத்துப் பார்த்தேன். சாய்த்தேன், உருண்டு விழுந்தது. வேறு மூன்று இடங்களில் வைத்தேன், அங்கும் விழுந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. நன்றாகத் தூக்கம் வருகிறது என்கிறார். வரும், நல்ல கெட்டிப் பஞ்சு.

அந்த ஊக்கைச் சட்டைப்பையில் போட்டதை மறந்துவிட்டேன். நேற்றுக் காலை அதோடு ஸ்கேன் அறை வாசல் வரைக்கும் போய்விட்டேன். பையைத் தட்டிப் பார்த்து நிறுத்தியவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமே ஆன பெண்.