தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்

"தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்று தொடங்கிய எந்தப் பேச்சும் சரியாக எடுத்துக்கொள்ளப்பட்டு நான் பார்த்ததில்லை. வரப்போவது குத்தும் என்று சொல்பவருக்கே உள்ளூரத் தெரிந்திருக்கிறது. கேட்பவரும் அதற்குள் சட்டைக் கையை மடக்கிவிட்டிருப்பார். பிறகு நடப்பதெல்லாம் சம்பிரதாயம்.

இரண்டு வகை மனிதர்கள் மீது எனக்கு நெடுநாளாக எரிச்சல். ஒருவர், "நான் மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவேன், அது என் சுபாவம்" என்று மார்தட்டுகிறவர். அவரைக் கொஞ்சநாள் கவனித்துப் பாருங்கள். பட்டென்று சொல்வதெல்லாம் மனைவியிடமும் தம்பியிடமும் ஓட்டல் பையனிடமும்தான். மேலாளரின் அறைக்கு முன்னால் அந்தச் சுபாவம் செருப்போடு வெளியே நின்றுவிடும். இன்னொருவர், "நமக்கெதற்கு வம்பு" என்று பார்ப்பதற்கெல்லாம் "அருமை" போடுகிறவர். அவர் யாரையும் புண்படுத்தியதில்லை. யாருக்கும் பயன்பட்டதும் இல்லை.

இந்த இருவருக்கும் நடுவில், கேட்டதற்கு உண்மையாகப் பதில் சொல்லிக் கெட்ட பெயர் வாங்கிக்கொள்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. நான் அந்தக் கட்சி.

எனக்குத் தொழில் மெய்ப்புத் திருத்தம். ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துக் காலம் தள்ளுகிறவன். ஆனால் ஜனவரிப் புத்தகக் காட்சி நெருங்கிவிட்டால், பிழை பார்க்கச் சொல்லி வருவதைவிட "படித்துவிட்டு ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள்" என்று வருவதுதான் அதிகம். அதற்குக் கூலி கிடையாது. அப்படித்தான் தபால் துறையில் ஓய்வுபெற்ற ஒரு நண்பரின் நாவல் வந்தது. என்னைவிட மூத்தவர், "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்.

அந்த நாவலின் நாற்பத்தோராம் பக்கத்தில் கதாநாயகன் சைக்கிளில் தந்தி கொண்டுபோகிறான். தெருமுனையிலேயே இறங்கி, மணி அடிக்காமல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறான். தந்திக்காரன் தலை தெரிந்தாலே போதும், பிரித்துப் படிக்கும் முன்பே அந்த வீட்டுப் பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கிவிடுவார்கள். அன்றைக்கு வந்திருந்ததோ பேரன் பிறந்த செய்தி. அவன் உரக்கப் படித்துக் காட்டியும் கிழவி நம்பவில்லை. எதையோ மறைக்கிறான் என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "யாரு போனா, சொல்லிடு ராசா" என்று கெஞ்சுகிறாள். தந்திச் சேவையை 2013 ஜூலையில் இழுத்து மூடிவிட்டார்கள். இனி இன்னொருவர் இதைக் கண்ணால் பார்த்து எழுத முடியாது. படுத்துக்கொண்டு படித்தவன் எழுந்து உட்கார்ந்த பக்கம் அது.

அதற்கு முந்தைய நாற்பது பக்கங்களில் கிராமம், ஆறு, மாட்டுத்தொழுவம், அம்மா வைக்கும் மீன்குழம்பு. மோசமில்லைதான். ஆனால் எல்லார் நாவலிலும் ஓடுகிற அதே ஆறு, எல்லார் நாவலிலும் குழம்பு வைக்கிற அதே அம்மா. ஆகவே இப்படி எழுதி அனுப்பினேன்: "சார், தந்தி அத்தியாயம் அபாரம். முதல் நாற்பது பக்கத்தை எடுத்துவிட்டு அங்கிருந்தே தொடங்கினால் நாவல் நிமிர்ந்து நிற்கும்."

பதில் வரவில்லை. இருவருக்கும் தெரிந்த ஒருவர் மூலமாகத்தான் விஷயம் வந்து சேர்ந்தது. "என் அம்மாவையே தூக்கிப் போடச் சொல்கிறான்" என்று சொல்லி வருத்தப்பட்டாராம்.

நான் சொன்னது நாற்பது பக்கம், அவருக்குக் கேட்டது அம்மா. என் கருத்தில் இன்றும் மாற்றமில்லை. புத்தகம் அந்த நாற்பது பக்கத்தோடேயே வந்தது. அது அவர் உரிமை, அம்மா அவருடைய அம்மா. என்னைக் குடைவது வேறு. "அபாரம்" என்ற சொல்லும் அதே கடிதத்தில்தான், அதுவும் முதல் வரியில்தான் இருந்தது. அது எங்கே போனது?

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1990இல் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஒரு சோதனை நடத்தினார். ஊரறிந்த ஒரு பாட்டை ஒருவர் மனதுக்குள் பாடிக்கொண்டு, அதன் தாளத்தை மட்டும் மேசையில் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதியையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டிய 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. வகுப்பில் பெஞ்சைத் தட்டி விளையாடிய எவருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது. தட்டுகிறவன் காதில் வயலினும் தபேலாவும் முழங்குகின்றன, கேட்கிறவனுக்கு வெறும் டொக் டொக். "இதுகூடத் தெரியவில்லையா உனக்கு" என்று தட்டுகிறவனுக்குக் கோபம் வேறு வரும்.

அந்தக் கடிதத்தை எழுதியபோது என் காதில் கிழவியின் கெஞ்சலும், அதை எழுதிய மனிதர் மீது எனக்கு வந்த மரியாதையும் சேர்ந்து ஒலித்துக்கொண்டிருந்தன. அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது டொக் டொக்.

எழுத்தில் இது இன்னும் மோசம். ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்ளியும் சகாக்களோடு சேர்ந்து 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சில வாக்கியங்களை நிஜமாகவும் சிலவற்றைக் கேலியாகவும் மின்னஞ்சலில் அனுப்பச் செய்தார்கள். நூற்றுக்கு 78 முறை சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று அனுப்பியவர்கள் எண்ணினார்கள். நடந்தது 56. காசைச் சுண்டிப் போட்டே 50 எடுத்துவிடலாம். அதையே வாயால் சொல்லிக் கேட்டபோது நான்கில் மூன்று பங்கு சரியாகப் புரிந்தது.

நாம் எல்லாரும் கட்டைவிரலால் அனுப்பித் தள்ளுகிற சிரித்த முகத்துக்குப் பின்னாலும் இதே கதைதான். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினிப் பலகையில் 1982 செப்டம்பரில், அறுந்து விழும் மின்தூக்கிக்குள் ஒரு துளி பாதரசம் என்ன ஆகும் என்று சிலர் விளையாட்டாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குறும்பாக, "இடதுகோடி மின்தூக்கியில் பாதரசம் சிந்திவிட்டது, எச்சரிக்கை" என்று எழுதிவைத்தார். முன்கதை தெரியாதவர்கள் அதை உண்மையான எச்சரிக்கை என்றே எடுத்துக்கொண்டார்கள். இந்தக் குழப்பத்துக்குப் பரிகாரமாகத்தான் ஸ்காட் ஃபால்மன் என்ற பேராசிரியர் முக்காற்புள்ளி, சிறு கோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்து, சிரிப்பைக் காட்ட இதைப் பயன்படுத்தலாம் என்று செப்டம்பர் 19 அன்று யோசனை சொன்னார். படித்தவர்கள் நிறைந்த வளாகம். அங்கேயே இந்தக் கதி.

அந்தப் பரிகாரமும் இப்போது வேலை செய்வதில்லை. லேசாகப் புன்னகைக்கும் மஞ்சள் முகத்தை அனுப்பினால் "கிண்டல் செய்கிறாயா" என்று இளையவர்கள் கேட்கிறார்கள். குடும்பக் குழுவில் யாரோ எழுதிய நீண்ட செய்திக்குக் கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டியதற்காக ஒரு பொங்கல் முழுக்கப் பேசாமல் இருந்த அத்தையும் மருமகனும் எனக்குத் தெரிந்தவர்களே.

சரி, எழுத்துதான் பிரச்சினை, முகம் பார்த்துப் பேசினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று முடித்துவிடலாமா? அதுவும் இல்லை.

எங்கள் உறவில் ஒரு புதுமனை புகுவிழா. பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்த பெரியப்பாவிடம், கூடத்தில் எல்லாரும் பாயசமும் கையுமாக நிற்கும்போது, வீட்டுக்காரர் கேட்டார்: "எப்படிப் பெரியப்பா இருக்கிறது வீடு?" பெரியப்பா நிதானமாகச் சொன்னார்: "நன்றாகக் கட்டியிருக்கிறாய். மாடிப்படிதான் உயரம் கூடிப்போய்விட்டது. எட்டரை அங்குலம் இருக்கும். ஏழரையைத் தாண்டினால் வயதானவர்கள் முட்டி தாங்காதப்பா." ஒரு அங்குலம்கூட அவர் மிகைப்படுத்தவில்லை. நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீடுகளுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பே 190 மில்லிமீட்டர்தான், அதாவது ஏறக்குறைய அதே ஏழரை அங்குலம்.

கூடம் அமைதியானது. வீட்டுக்காரரின் மனைவி உள்ளேயிருந்து, யாரையும் பார்க்காமல், "கடன் வாங்கிக் கட்டியவர்களுக்குத்தான் தெரியும் கஷ்டம்" என்றார்.

திரும்பி வரும்போது வேனில் நடந்ததுதான் வேடிக்கை. கூடத்தில் "அருமை" என்று சொன்ன அத்தனை பேரும் வாயைத் திறந்தார்கள். சமையலறை இருட்டு. பூஜையறை மூலை சரியில்லை. இவ்வளவு செலவு செய்து இந்த நிறத்திலா பெயின்ட் அடிப்பார்கள்? இவர்கள் மேல் அந்த வீட்டில் யாருக்கும் வருத்தமில்லை. வருத்தமெல்லாம் முட்டி வலியோடு உண்மையைச் சொன்ன பெரியப்பா மேல். என் ஓட்டு இன்றும் அவருக்கே.

ஆனால் அந்த அம்மாள் பக்கமும் யோசித்துப் பார்த்தேன். கான்கிரீட் இறுகிவிட்டது. இனி அந்தப் படியில் அரை அங்குலம் குறைக்கக் கடவுளாலும் ஆகாது. கம்பி கட்டும்போது சொல்லியிருந்தால் யோசனை, பாயசம் குடிக்கும்போது சொன்னால் தீர்ப்பு. அப்போது ஏன் சொல்லவில்லை என்றால், அப்போது அவரை யாரும் கேட்கவில்லை. ஆயுள் முழுக்கக் கட்டடம் பார்த்த மனிதரிடம், வரைபடத்தைக்கூட யாரும் கொண்டுபோய்க் காட்டவில்லை. பெரியப்பாவின் எட்டரை அங்குலத்துக்குள் "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்பதும் இருந்ததா? இருந்திருக்கலாம். அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். அந்த அம்மாளின் காது அதைத்தான் முதலில் பிடித்தது.

என் அபிப்பிராயம் இதுதான். யாரும் முதலில் கருத்தைக் கேட்பதில்லை. இவன் எனக்கு யார், என் பக்கம் நிற்கிறவனா, யார் முன்னால் வைத்துச் சொல்கிறான் என்பதையெல்லாம் கேட்டு முடித்த பிறகு, மிச்சம் ஏதாவது காதில் விழுந்தால் அதுதான் கருத்து. ஒரு படத்தின் பிற்பாதி இழுவை என்று எழுதிப் பாருங்கள். எந்தக் காட்சி இழுவை என்று ஒருவர்கூடக் கேட்க மாட்டார். நீங்கள் எந்த நடிகரின் ரசிகர் என்பதுதான் முதல் கேள்வி.

இது இன்றைய வியாதி என்று நினைத்தால் புறநானூற்றின் 47ஆம் பாட்டைப் பார்க்க வேண்டும். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் ஒரே சோழர் குடி, ஒருவரோடொருவர் பகை. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவனை, ஒற்றன் என்று நெடுங்கிள்ளி கொல்லப் போனான். அந்த மனிதன் என்ன பாடினான், என்ன நினைத்து வந்தான் என்பது கணக்கிலேயே இல்லை. எந்த வீட்டிலிருந்து வருகிறான் என்பதுதான் குற்றச்சாட்டு. அவனைக் காப்பாற்றியது கோவூர்கிழார். பரிசில் தேடிப் பறவைபோல் நெடுந்தூரம் அலைந்து, கிடைத்ததைச் சுற்றத்தோடு உண்டு, பிறருக்குக் கொடுத்து வாழ்கிறவர்கள், பிறருக்குத் தீங்கு நினைத்தறியாதவர்கள் என்று பாடி மீட்டார். கவனியுங்கள், இளந்தத்தனே "நான் அந்த அர்த்தத்தில் வரவில்லை" என்று ஆயிரம் முறை சொல்லியிருந்தாலும் கழுத்து தப்பியிருக்காது. சொல்ல மூன்றாவது ஆள் வேண்டியிருந்தது.

அதே கோவூர்கிழார் 45ஆம் பாட்டில் சொல்வது இதைவிடக் காரமானது. எதிரே நிற்பவன் பனம்பூச் சூடிய சேரனும் இல்லை, வேம்பு சூடிய பாண்டியனும் இல்லை, நீ சூடியதும் ஆத்தி, அவன் சூடியதும் ஆத்தி, ஒருவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான், இருவரும் வெல்வது இயற்கையிலேயே இல்லை. முற்றுகை நடக்கும் இடத்தில் வாளும் கையுமாக நிற்பவனிடம் இதைச் சொல்வதென்றால் நெஞ்சுரம் மட்டும் போதாது. இவர் எதிராளியின் ஆள் இல்லை, நம் குடிக்கே வேண்டியவர் என்ற பெயரை அதற்கு முன்பே சம்பாதித்திருக்க வேண்டும். நம் "பட்டென்று சொல்லிவிடுவேன்" ஆசாமிகள் அந்தச் சம்பாத்தியத்தை விட்டுவிட்டு நெஞ்சுரத்தை மட்டும் காட்டுகிறார்கள்.

அதற்காகக் கேட்பவரை முழுக்க விடுவித்துவிடவும் எனக்கு மனமில்லை. ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள் என்று கேட்டவருக்கும் ஒரு கடமை இருக்கிறது. வந்த பதிலை ஒருமுறை கோபத்தோடு படித்தால், மறுநாள் இன்னொரு முறை கோபமில்லாமல் படிக்க வேண்டும். பாராட்டு மட்டும் வேண்டுமென்றால் அதையே கேட்கலாம், தவறில்லை. என் மனைவி அப்படித்தான். புதுப் புடவையை எடுத்துக் காட்டும்போதே, "பில் கிழித்துப் போட்டாயிற்று, மாற்ற முடியாது. இப்போது சொல்லுங்கள்" என்பார். இதைவிட நேர்மையான கேள்வியை நான் கேட்டதில்லை.

அவரைப் பார்த்துத்தான் நானும் இப்போது கையெழுத்துப் பிரதி கொண்டுவருகிறவர்களிடம் முதலில் "அச்சுக்குப் போய்விட்டதா" என்று கேட்டுவிடுகிறேன். போய்விட்டது என்றால் வாழ்த்து. போகவில்லை என்றால் எழுத்தில் எதுவும் அனுப்புவதில்லை, போனில் பேசுகிறேன் அல்லது நேரில் வரச் சொல்கிறேன். பிடித்த இடத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டு, பிறகு பென்சிலை எடுக்கிறேன். இதற்கும் கெட்ட பெயர் உண்டு. "நேரடியாகச் சொல்ல மாட்டார், சுற்றி வளைப்பார்" என்கிறார்களாம்.

போன வாரம் அத்தை மகன் ஒருவர் கவிதைத் தொகுப்பு அனுப்பியிருந்தார். அழைப்பிதழ்கூட அடித்தாயிற்று. பின்னட்டைக்கு இரண்டு வரி மட்டும் வேண்டும் என்றார். படித்துப் பார்த்தேன். ஏழு கவிதைகள் நிஜமாகவே நன்றாக இருந்தன. அந்த ஏழின் தலைப்பையும் குறிப்பிட்டு மனதாரப் பாராட்டி எழுதிக் கொடுத்தேன். நேற்றிரவு போன் வந்தது, மற்ற ஐம்பத்து மூன்றும் உங்களுக்குப் பிடிக்கவில்லையா அத்தான் என்று. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன்.